ரெங்கத்தில் ஒரு கல்லறைத் திருநாள்

"உங்கள் ஊர் எது?" என்று யாராவது கேட்டால் "ரெங்கம்" என்பேன். உடனே அடுத்த கேள்வி வரும். "ஓ, அந்தத் தடுப்பு முகாம் இருக்கிற ஊரா?"

இல்லை. அது சிம்பாங் ரெங்கம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகிற எல்லாரும் அதன் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். நான் பிறந்த ரெங்கம், நெடுஞ்சாலையை விட்டு இறங்கிக் கிழக்கே செம்பனைக் காடுகளுக்குள் அரை மணி நேரம் போனால் வருகிற சின்ன ரயிலடி ஊர். இரண்டும் குளுவாங் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. பெயர் ஒன்றாக இருப்பதால் கடிதங்கள் மாறிப் போனதுண்டு, கல்யாணத்துக்கு வந்த விருந்தாளிகள் மாறிப் போனதுண்டு.

கடந்த நவம்பர் 2ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, விடியும் முன்பே ஜொகூர் பாருவிலிருந்து காரை எடுத்தேன். மனைவியும் பத்து வயது மகளும் உடன் வந்தார்கள். கத்தோலிக்கர்களுக்கு அன்று கல்லறைத் திருநாள். இறந்தவர்களின் கல்லறைகளைக் கூட்டிக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, அவர்களுக்காகச் செபிக்கும் நாள். அம்மாவும் அப்பாவும் ரெங்கத்தில்தான் அடக்கம்.

ஆறு ஆண்டுகளாக நான் இந்த நாளில் மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் அங்கே போவேன். அதற்குள் அண்ணன் வந்துவிட்டுப் போயிருப்பான் என்பது எனக்குத் தெரியும். நான் போகும்போது கல்லறை பளிச்சென்று இருக்கும். ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு, பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவேன். ஆறு ஆண்டுகளாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

இந்த முறை காலையிலேயே கிளம்பியதற்குக் காரணம் என் மகள்.

ரயில் போட்ட ஊர்

கூலாய் தாண்டி, லாயாங் லாயாங் வழியாகப் போனால் சாலையும் ரயில் பாதையும் ஒன்றையொன்று விட்டுவிட்டுத் தொடும். கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இந்தப் பாதை 1909இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் இங்கே பெருங்காடு. ரயில் வந்தது, அதன் பின்னால் கித்தாத் தோட்டங்கள் வந்தன, தோட்டங்களுக்குப் பின்னால் நம்மவர்கள் வந்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கிலும் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் இறங்கி, கங்காணி காட்டிய திசையில் நடந்தவர்கள் அவர்கள்.

இப்போது கெமாஸ் முதல் ஜொகூர் பாரு வரை 192 கிலோமீட்டருக்கு மின்சார இரட்டைத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். மேலே கம்பிகள் ஓடுகின்றன. கித்தா மரங்கள் இருந்த இடத்தில் பெரும்பாலும் செம்பனைதான். அந்தச் செம்பனையும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ரெங்கத்தில் எலாய்ஸ் என்றே ஒரு தோட்டம் உண்டு. செம்பனையின் தாவரவியல் பெயரே அதுதான்.

மலாய் அகராதியில் 'ரெங்கம்' என்ற சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு. நெற்கதிரை அறுக்கும் சிறிய கைக்கத்தி. அரிவாள் போலக் கொத்தாக அறுக்காது. உள்ளங்கைக்குள் அடங்கிக்கொண்டு ஒவ்வொரு கதிராகக் கிள்ளி எடுக்கும். ஊருக்கும் இந்தக் கத்திக்கும் தொடர்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தச் சொல் எனக்குப் பிடிக்கும். விசுவாசம் என்று நாங்கள் சொல்வதும் அப்படித்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் கொத்தாக அறுத்துக் கட்டிக்கொண்டு வர முடியாது. தினமும் ஒரு கதிர், ஒரு மனிதர், ஒரு வார்த்தை என்றுதான் அது சேரும்.

லயத்தின் உபதேசியார்

நாங்கள் வளர்ந்தது தோட்டத்து லயத்தில். நூறு வீடுகள் இருந்தால் அதில் பத்துப் பன்னிரண்டு வேதக்கார வீடுகள். பாண்டிச்சேரிப் பக்கம் 1776 முதல் பணியாற்றிய அதே பாரிஸ் மறைபரப்புச் சங்கத்துப் பிரெஞ்சுக் குருக்கள் மலாயாவிலும் இருந்தார்கள். அதனால் ஊரில் சொன்ன அதே செபத்தை இங்கேயும் சொல்ல முடிந்தது என்று பாட்டி சொல்வார். பூசை லத்தீனில் நடக்கும், யாருக்கும் புரியாது. ஜெபமாலை மட்டும் தமிழில். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் பீடத்திலும் தமிழ் கேட்டது.

சாமியார் மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாள்களில் எங்களுக்கு எல்லாமே உபதேசியார்தான். அவரும் பால்மரம் வெட்டுகிறவர்தான். விடியற்காலை ஐந்தரைக்குப் பெரட்டுக்களத்தில் எல்லாரோடும் நின்று பெயர் கொடுத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு நிரைக்குப் போவார். மாலையில் சட்டை மாற்றிக்கொண்டு, கெபியின் முன்னால் விளக்கேற்றி ஐம்பத்து மூன்று மணி ஜெபம் சொல்லிக் கொடுப்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மாதப் பூசைக்கு முதல் நாள் இரவு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருவார். "யார்கிட்டயாவது பேச்சுவார்த்தை இல்லாம இருக்கீங்களா?" என்பதுதான் கேள்வி. லயத்தில் சண்டைக்கா பஞ்சம்? பொதுக் குழாயில் யார் வாளி முன்னால் என்பதில் சண்டை, கோழி தாண்டியதில் சண்டை, பிள்ளைகள் அடித்துக்கொண்டதில் சண்டை. "இருக்கு" என்று சொன்னால் அப்போதே செருப்பை மாட்டச் சொல்லி அந்த வீட்டு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். எதிர் வீடு இந்து வீடாக இருந்தாலும் சரி, போய்த்தான் ஆக வேண்டும். "நாளைக்குக் காணிக்கை போடப் போறே. கை சுத்தமா இருக்க வேணாமா?" என்பார்.

ஒரு தடவை அம்மாவுக்கும் பக்கத்து வீட்டு மாரியம்மா அத்தைக்கும் பெரிய வாக்குவாதம். உபதேசியார் டார்ச்சோடு வந்து நின்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே அத்தை வீட்டுக்குப் போனார். உள்ளே போனவர் ஒரு மணி நேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் இருவரும் ஒரே முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள்.

உபதேசியார் செய்தது அவராகக் கண்டுபிடித்த ஒன்றல்ல. மத்தேயு நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில், மலைப்பொழிவில், இயேசு சொன்ன ஒரு கட்டளை அது. பீடத்தில் காணிக்கை வைக்க வந்த இடத்தில், உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு சமாதானம் செய், பிறகு வந்து கொடு என்பது அதன் பொருள். தொடக்கக் காலக் கிறிஸ்தவர்களின் 'திதாக்கே' என்ற சிறு நூலிலும் இதே விதி இருக்கிறது. தோழனோடு சச்சரவில் இருப்பவன் சமாதானம் ஆகும் வரை ஞாயிறு வழிபாட்டில் சேரக்கூடாது என்கிறது. ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முந்தைய நூல் அது. எங்கள் உபதேசியார் அதைப் படித்திருக்க மாட்டார். ஆனால் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு அதைச் செய்தார்.

இந்தக் கட்டளையில் நான் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. 'உனக்கு அவன்மேல் கோபம் இருந்தால்' என்று அங்கே இல்லை. 'அவனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால்' என்றுதான் இருக்கிறது. நம் கோபத்தை நாம் மறந்துவிட்டோம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வழியில்லை.

1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் கத்தோலிக்கக் குருக்கள் பங்குகளை விட்டு ஒரு மாதம் ஒன்றுகூடி, திருச்சபை இந்த நாட்டில் எப்படி வாழ வேண்டும் என்று யோசித்தார்கள். அதிலிருந்து முளைத்ததுதான் இன்று நகரங்களில் நாம் பார்க்கும் அன்பியங்கள். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீடுகளில் கூடி நற்செய்தி வாசித்து, ஒருவர் கஷ்டத்தில் ஒருவர் பங்கெடுக்கும் சிறு குழுக்கள். ரெங்கத்து லயத்தில் பெயர் வைக்காமலேயே அது நடந்துகொண்டிருந்தது.

அம்மா ஒத்துக்கொள்ளாத உவமை

அம்மாவுக்கு நற்செய்தியில் ஒரு கதை மட்டும் பிடிக்கவே பிடிக்காது. மத்தேயு இருபதாம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்டக் கதை. தோட்டக்காரர் விடியற்காலையில் சிலரை ஒரு நாள் கூலிக்குப் பேசி வேலைக்கு அனுப்புகிறார். ஒன்பது மணிக்குச் சிலர், பன்னிரண்டுக்குச் சிலர், மூன்று மணிக்குச் சிலர், மாலை ஐந்து மணிக்குச் சிலர். சாயங்காலம் எல்லாருக்கும் ஒரே கூலி, ஒரு தெனாரியம். அன்றைய உழைப்பாளியின் ஒரு நாள் சம்பளம் அது. காலையிலிருந்து வெயிலில் வெந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

"முணுமுணுக்காம?" என்பார் அம்மா. "இருட்டுல எந்திரிச்சு, கொசுக்கடியில நானூறு ஐந்நூறு மரம் வெட்டுனவளுக்கும், மத்தியானம் கோட்டுப்பால் பொறுக்க வந்தவளுக்கும் ஒரே சம்பளமா? எந்தத் தோட்டத்துல?"

பால்மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும். விடிவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் நின்றுவிடும். மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கூலி இல்லை. மங்கில் மழைத் தண்ணீர் விழுந்தால் வெட்டிய பாலும் வீண். கூலியின் ஒவ்வொரு காசும் அம்மாவுக்குக் கணக்கு.

உபதேசியார் ஒருநாள் அம்மாவிடம் சொன்னது நினைவிருக்கிறது. "அஞ்சு மணி வரைக்கும் வேலை கெடைக்காம நின்னவனோட வீட்டுலயும் அடுப்பு எரியணும்ல? அவன் பிள்ளைக்கும் அதே பசிதானே?" அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் மழையில் வேலை போன பக்கத்து வீட்டுக்கு இரண்டு டின் அரிசி போனது. கதையை அவர் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. செய்வதை மட்டும் செய்துவிட்டார்.

என் கணக்கு

இனி என் கதை.

பள்ளி முடிந்ததும் நான் ஜொகூர் பாருவுக்குப் போனேன். அங்கிருந்து பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை. அண்ணன் ரெங்கத்திலேயே இருந்தான். தோட்ட வேலை போன பிறகு அப்பா ரெங்கம் தாமானில் ஒரு குறைந்த விலை வீடு வாங்கியிருந்தார். அந்தக் காலத்து 25,000 வெள்ளி வீடு. மாதாமாதம் கட்டி முடித்தார். அம்மா முன்பே போய்விட்டார்.

2015இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. நான்கு ஆண்டுகள் படுக்கை. அண்ணன் குளுவாங்கில் நல்ல சம்பளத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைத்த வேலையைப் பார்த்தான். காலையில் அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டிவிட்டுத்தான் போவான். பகலில் அண்ணி. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நான் மாதம் ஒருமுறை ஞாயிறு மதியம் போவேன். ஆரஞ்சுப் பழம், பெரியவர்களுக்கான டயப்பர் பொட்டலம், கையில் ஒரு முந்நூறு வெள்ளி. மாலைக்குள் கிளம்பிவிடுவேன். "காலையில வேலை. பாலத்துல ஜாம்" என்பேன். அது உண்மைதான்.

2019இல் அப்பா போனார். உயில் இல்லை. சட்டப்படி இரண்டு மகன்களுக்கும் பாதிப் பாதி. அப்போது நான் ஜொகூர் பாருவில் அடுக்குமாடி வீடு வாங்க முன்பணம் தேடிக்கொண்டிருந்தேன். வீட்டின் மதிப்பு 120,000 வெள்ளி என்று வந்தது. என் பாதியைக் கேட்டேன். நில அலுவலகத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டோம். அண்ணன் கடன் வாங்கினான். அண்ணியின் நகைகள் போயின. 60,000 வெள்ளி என் கணக்கில் ஏறியது.

யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. சட்டம் என் பக்கம் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போனேன். காணிக்கை போட்டேன். வாசகமும் வாசித்தேன்.

எனக்குள் நான் சொல்லிக்கொண்ட சமாதானம் அந்தத் திராட்சைத் தோட்டக் கதைதான். கடைசியில் வந்தவனுக்கும் சமக் கூலி என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார், இல்லையா? இதைச் சொல்லிக்கொண்டே ஐந்து ஆண்டுகளைக் கடத்திவிட்டேன்.

போன அக்டோபரில் மகள் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பின் வீட்டுப்பாடத்தோடு வந்தாள். மலைப்பொழிவில் அந்தக் காணிக்கைப் பகுதியை வாசித்து, வீட்டில் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டு எழுதி வர வேண்டும். அவள் பென்சிலோடு என் முன்னால் உட்கார்ந்தாள். "அப்பா, உங்கமேல யாருக்காவது மனத்தாங்கல் இருக்கா?"

அடுப்படியில் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். குழாய் நின்றது.

"இல்லைன்னு எழுது" என்றேன். அவள் எழுதினாள். அந்த எழுத்தைப் பார்த்தபோது நாக்கு உலர்ந்துவிட்டது.

அன்று இரவு திராட்சைத் தோட்டக் கதையை மறுபடி எடுத்து வாசித்தேன். இருபது ஆண்டுகளாகக் கேட்ட கதைதான். ஆனால் ஒரு சின்ன விஷயம் அப்போதுதான் கண்ணில் பட்டது. கடைசியில் வந்தவனுக்குத் தோட்டக்காரர் கொடுத்த கூலி, அவர் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. காலையில் வந்தவனின் கூலியில் ஒரு காசுகூடக் குறையவில்லை. என் கதையில் கடைசியில் வந்தவனுக்குக் கொடுத்தது யார்? காலையிலிருந்து வெயிலில் நின்றவன். அவன் பையிலிருந்துதான் என் கூலி வந்தது. அம்மா இருந்திருந்தால் இந்தக் கணக்கை ஒரு நிமிடத்தில் போட்டுக் காட்டியிருப்பார்.

தாமான் வாசலில்

ரெங்கம் பட்டணத்துக்குள் நுழைந்ததும் கல்லறைக்குப் போகும் சாலையை விட்டுத் தாமான் பக்கம் வண்டியைத் திருப்பினேன். "பெரியப்பா வீட்டுக்காப்பா?" என்றாள் மகள். கடைசியாக அவள் அங்கே வந்தபோது அவளுக்கு நான்கு வயது.

அண்ணன் வாசலில் பாராங் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்தான். தீட்டுவதை நிறுத்தவில்லை.

"வாங்க" என்றார் அண்ணி, என் மனைவியையும் மகளையும் பார்த்து. அவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நான் வெளியே நின்றேன்.

எவ்வளவோ ஒத்திகை பார்த்து வந்தேன். ஒன்றும் வரவில்லை. சட்டைப் பையிலிருந்த உறையை எடுத்து நீட்டினேன். "பதினஞ்சாயிரம் இருக்குண்ணே. மிச்சத்தையும் கொஞ்சம் கொஞ்சமா..."

அவன் உறையைப் பார்த்தான். "அப்பாவைக் குளிப்பாட்டுன கூலியா?"

ஆறு ஆண்டு மனத்தாங்கல் அந்த ஒரு கேள்வியில் இருந்தது.

"இல்லண்ணே. அதுக்கு என்னால கூலி குடுக்க முடியாது. இது உன்கிட்டயிருந்து நான் எடுத்தது. திருப்பித் தர்றேன்."

அவன் கத்தியைக் கல்லில் இரண்டு முறை இழுத்தான். பிறகு எழுந்து உள்ளே போனான். கதவு திறந்தேதான் இருந்தது. போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். அவன் ஒரு வாளியும் தேய்க்கும் பிரஷும் எடுத்துக்கொண்டு வந்தான். வாளியை என் கையில் கொடுத்தான்.

"வா. மழையில புல்லு ஏறிக் கெடக்கு. ஒருத்தனால ஆவல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு ஆண்டுகளாக மதியம் இரண்டு மணிக்கு நான் பார்த்த அந்தச் சுத்தமான கல்லறை தானாகச் சுத்தமாகவில்லை.

பேர் இல்லாதவர்களுக்கு ஒரு மெழுகுவத்தி

கல்லறையில் அன்று நல்ல கூட்டம். பிள்ளைகள் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூர் எண் பலகையோடு சில கார்கள். கோலாலம்பூரிலிருந்து இரவே கிளம்பி வந்தவர்களும் இருந்தார்கள். லயங்கள் போய்விட்டன, தோட்டங்கள் கை மாறிவிட்டன. ஆனால் இந்த ஒரு நாள் எல்லாரையும் திரும்ப ஓரிடத்தில் கூட்டிவிடுகிறது.

அண்ணன் புல்லை வெட்ட, நான் வாரிக் கொட்டினேன். அரை மணி நேரத்தில் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அண்ணன் பார்த்தான். "கம்ப்யூட்டர் கை" என்றான். அன்று அவன் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

நடுவில் ஒரு பெரிய சிலுவை இருக்கிறது. அதன் அடியில் மெழுகுவத்தி ஏற்றுவது எங்கள் பாட்டி தொடங்கிய வழக்கம். 1942 ஜனவரி கடைசியில் ஜப்பானியப் படை இந்த ரயில் பாதையோரமாகத்தான் தெற்கே இறங்கியது. ரெங்கத்துக்குத் தெற்கே பிரிட்டிஷ் தரப்பின் 22ஆவது இந்தியப் பிரிகேடு துண்டிக்கப்பட்டது. 9ஆவது இந்தியப் படைப்பிரிவின் தளபதி பார்ஸ்டோ ஜனவரி 28ஆம் தேதி லாயாங் லாயாங் அருகே கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்தார்கள். தாத்தாவும் போனார். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் செத்து விழுந்த பல்லாயிரம் தமிழர்களில் அவரும் ஒருவர். அப்போது அப்பா மூன்று மாதக் கைக்குழந்தை.

தாத்தாவுக்குக் கல்லறை இல்லை. அதனால் பாட்டி பெரிய சிலுவையின் அடியில் இரண்டு மெழுகுவத்திகள் ஏற்றுவார். ஒன்று தாத்தாவுக்கு. "இன்னொண்ணு யாருக்கு பாட்டி?" என்று ஒருமுறை கேட்டேன். "அவரோட போனவங்களுக்கு. ஆள் புடிச்சுக் குடுத்த கங்காணி செத்துட்டான். அவனுக்கும் சேத்து" என்றார். எனக்கு அப்போது புரியவில்லை. கோபத்தோடு சொன்னாரா, மன்னித்துச் சொன்னாரா என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் ஆண்டுதோறும் அந்த இரண்டாவது மெழுகுவத்தி எரிந்தது.

இந்த ஆண்டும் அண்ணன் இரண்டு எடுத்தான். ஒன்றை என் மகளிடம் கொடுத்தான். "கையில மெழுகு விழாமப் புடி" என்றான்.

சாமியார் கல்லறைத் தோட்டத்திலேயே பூசை வைத்தார். தற்காலிகக் கொட்டகை, பிளாஸ்டிக் நாற்காலிகள், தூரத்தில் ரயில் சத்தம். காணிக்கைத் தட்டு வந்தபோது, ஆறு ஆண்டுகளில் முதல் முறையாகக் கையை நீட்டக் கொஞ்சம் தைரியம் வந்தது. சமாதானம் சொல்லும் நேரத்தில் அண்ணன் திரும்பிக் கையை நீட்டினான். நகக்கண்ணில் மண். என் கையிலும் மண்தான்.

இதை எழுதுவது, எங்கள் வீட்டு வழக்கு முடிந்துவிட்டது என்று சொல்ல அல்ல. முடியவில்லை. உறையை அண்ணி வாங்கவில்லை. கடைசியில் அண்ணன் மகளின் கல்லூரிக் கட்டணத்தை நான் நேராகக் கட்டுவது என்று முடிவாகியிருக்கிறது. அண்ணன் இன்னும் போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. அதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. மன்னிப்புக் கேட்பது மட்டும்தான் என் கையில் இருக்கிறது. மன்னிப்பது அவன் கையில்.

நகரத்தில் நம்மில் பலருக்குக் கோயில், பூசை, பஜனை, தொழுகை எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன. எந்த மதமானாலும் சரி. ஆனால் கோயில் வாசலுக்குப் போகும் வழியில் ஒரு வீடு இருக்கும். அதைத் தாண்டித்தான் தினமும் போகிறோம், வண்டியின் வேகத்தைக் குறைக்காமல். அது அண்ணன் வீடாக இருக்கலாம், அலுவலகத்தில் அடுத்த மேசையாக இருக்கலாம். எங்கள் லயத்து உபதேசியார் இப்போது உயிரோடு இல்லை. டார்ச் லைட்டோடு வந்து கதவைத் தட்டவும் ஆளில்லை. நாமே செருப்பை மாட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

அன்று மாலை கிளம்பும்போது, மகள் காரில் ஏறிக்கொண்டே கேட்டாள். "அப்பா, அந்த வீட்டுப்பாடத்தை இப்ப மாத்தி எழுதலாமா?"

"எழுது" என்றேன். "இருந்துச்சுன்னு எழுது. இன்னும் கொஞ்சம் இருக்குன்னும் எழுது."

அண்ணன் கார் கண்ணாடியைத் தட்டினான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கல்லறைக்கு வெள்ளையடிக்க வேண்டுமாம். அடுத்த முறை வரும்போது ஒரு டின் வெள்ளைச் சாயம் வாங்கி வரச் சொன்னான். பெரிய டின்னாக.